வெட்டியும் பகேலாவும்: ஐதராபாத் சமஸ்தானத்தில் பண்ணையடிமை முறை எப்போது முடிந்தது?

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் ஒரு சிறு அகராதி ஒளிந்திருக்கிறது. 'ஒப்பந்தம்' என்ற சொல்லை வரையறுக்கும் இடத்தில், எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் சமூக வழக்கத்தின்படி ஒப்பந்தம் இருப்பதாகக் கொள்ளத்தக்க உழைப்பு முறைகளின் பெயர்களைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. ஏறத்தாழ 30 பெயர்கள். தமிழகத்தின் படியாள், பண்ணையாள், கேரளத்தின் செறுமர், பிகாரின் கமியா, கன்னட நிலத்திலும் தெலங்கானாவிலும் வழங்கிய ஜீதம், தெலுங்கு நாட்டின் பாலேரு, ஐதராபாத் சமஸ்தானத்தின் பகேலா, வரிசையின் கடைசிச் சொல்லாக வெட்டி.

ஒரே முறைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் என்று இவ்வரிசையை வாசித்துவிடுவது எளிது. தெலங்கானாவைப் பொறுத்தவரை அவ்வாசிப்பு பிழையானது. வெட்டியும் பகேலாவும் ஒரே கிராமத்தில், பல வேளைகளில் ஒரே குடும்பத்தின்மீது அமர்ந்திருந்த இருவேறு பிணைப்புகள். ஒன்று பிறப்பால் வந்தது. மற்றது கடனால் வந்தது. அவை ஒரே நாளில் வீழவில்லை. ஒரே காரணத்தால் வீழவுமில்லை. பண்ணையடிமை முறையின் தேய்வு பற்றி ஐரோப்பிய வரலாற்றாய்வில் ஒரு நூற்றாண்டாக நடக்கும் விவாதத்தை ஐதராபாத்திலிருந்து பார்க்கும்போது இவ்வேறுபாடே திறவுகோலாகிறது.

முதலில் அவ்விவாதத்தின் சுருக்கம். மேற்கு ஐரோப்பாவில் உழவர் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தனர். பிரபுவின் நிலத்தில் வாரத்தில் சில நாள் கூலியின்றி உழைத்தனர். அவர் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போகவோ மகளுக்கு மணம் முடிக்கவோ இயலாது. 1347 முதல் பரவிய கொள்ளைநோய் ஐரோப்பிய மக்களில் மூன்றிலொரு பங்கினரையாவது கொன்றது. ஆள் குறைந்தது, கூலி ஏறியது. இங்கிலாந்தில் 1351இல் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்தச் சட்டம் போட்டார்கள்; 1381இல் உழவர் கிளர்ந்தெழுந்து தோற்றார்கள்; ஆயினும் 1500ஐ எட்டும்போது அங்கே பண்ணையடிமை முறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதை ஒழித்த தனிச் சட்டம் எதுவும் இல்லை. மைக்கேல் போஸ்டன் போன்றோர் இதை மக்கள்தொகையின் விளைவாகக் கண்டனர். பால் ஸ்வீஸி வணிகத்தையும் நகரங்களையும் முன்னிறுத்தினார்.

1976இல் ராபர்ட் பிரென்னர் எழுப்பிய கேள்வி இவ்விரு விளக்கங்களையும் அசைத்தது. எல்பே ஆற்றுக்குக் கிழக்கேயும் மக்கள்தொகை வீழ்ந்தது; அங்கும் தானிய வணிகம் வளர்ந்தது. ஆனால் அங்கே பண்ணையடிமை முறை தேயவில்லை, இறுகியது. மேற்கு நாடுகளின் சந்தைக்குத் தானியம் விளைவிக்கவே கிழக்கின் பிரபுக்கள் உழவரை மேலும் கட்டிப்போட்டார்கள். பிரஷியாவில் 1807இலும், ஆஸ்திரியப் பேரரசில் 1848இலும், ரஷ்யாவில் 1861இலுமே அரசாணைகள் வந்தன. ஆள் பற்றாக்குறை உழவனை விடுவிக்கவும் கூடும், பூட்டவும் கூடும். எது நடக்கும் என்பதை அந்த ஊரில் யார் கையில் அதிகாரம் இருக்கிறது, உழவர் கூடி நிற்க வல்லவரா என்பதே முடிவு செய்கிறது. இதுவே பிரென்னரின் வாதம். பொருளியலாளர் எவ்ஸி டோமர் 1970இலேயே இதற்கு அருகில் வந்திருந்தார்: தாராளமான நிலம், கட்டற்ற உழவர், உழாமல் உண்ணும் நிலக்கிழார் ஆகிய மூன்றும் ஒருங்கே நிலைக்கா, அரசு நிலக்கிழார் பக்கம் சாயுமானால் மூன்றில் காணாமற்போவது உழவரின் விடுதலையே.

தெலங்கானா, எல்பே ஆற்றின் கிழக்குக் கரையைப் போன்றது.

ஐதராபாத் சமஸ்தானத்தின் நிலத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு அரசு நேரடியாக வரி தண்டிய திவானிப் பகுதி. ஏறத்தாழ 30 விழுக்காடு ஜாகீர்தார்களின் கையில். எஞ்சிய 10 விழுக்காடு நிஜாமின் சொந்தச் செலவுக்கான சர்ஃபே காஸ். வெட்டியின் கொடுமை ஜாகீர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் நல்கொண்டா, வாரங்கல் மாவட்டங்களின் திவானிக் கிராமங்களிலும் அது கடுமையாக இருந்தது. காரணம் ஒரு சீர்திருத்தத்தில் இருக்கிறது. 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங், வரிக் குத்தகை முறையை நீக்கி, அரசு அலுவலர்களே வரி தண்டும் மாவட்ட நிர்வாகத்தை ஏற்படுத்தினார். அதுவரை வரி தண்டிவந்த தேஷ்முக்குகளுக்கும் தேஷ்பாண்டேக்களுக்கும் இழப்பீடாக ஆண்டுத்தொகை வழங்கப்பட்டது. நில அளவையும் பட்டாப் பதிவும் வந்தபோது, ஏட்டையும் கணக்கையும் அறிந்தவர்கள் அவர்களே. குளத்துப் பாசனமுள்ள நன்செய் உட்பட நல்ல நிலங்கள் அவர்கள் பெயரில் ஏறின. தலைமுறைகளாக உழுதவர் தம் நிலத்திலேயே குத்தகையாளரானார். புச்சலப்பள்ளி சுந்தரய்யா 1972இல் வெளியிட்ட நூலில், ஜனகாம் வட்டத்து விசுனூர் தேஷ்முக்குக்கு 40,000 ஏக்கர் இருந்ததாகக் கணக்குத் தருகிறார்.

ஆகவே தெலங்கானாவின் 'தொர' பழங்காலத்தின் எச்சம் அல்லர். கோட்டைபோல் எழுந்த அவருடைய 'கடீ' என்னும் மாளிகையின் பின்னே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டா ஏடு இருந்தது. ரயில் 1874இல் செகந்திராபாத்தை எட்டியது. 1889இல் விஜயவாடாவோடு இணைப்பு வந்தது. ஆமணக்கும் நிலக்கடலையும் பருத்தியும் சந்தைக்குப் போயின. வணிகம் வந்தால் பண்ணையடிமை முறை கரையும் என்ற விளக்கம் இங்கே தோற்கிறது. சந்தைக்கான விளைச்சல் பெருகப் பெருக, கூலியில்லா ஆள்மீது தொரவுக்கு இருந்த பிடி அவருக்கு மேலும் இலாபமானது. கடன் கொடுப்பவரும் அவரே. பட்டேல், பட்வாரி பதவிகளில் அமர்ந்தவர்களும் பெரும்பாலும் அவர் ஆட்களே.

வெட்டி எப்படி இயங்கியது என்பதைப் பார்த்தால் அதன் வலிமை புரியும். அது சாதிவாரியாகப் பங்கிடப்பட்ட கடமை. சாக்கலி என்னும் சலவைத் தொழிலாளர் கடீயின் துணிகளை வெளுக்க வேண்டும். மங்கலி முடிதிருத்த வேண்டும். குயவர் பானை தர வேண்டும். தோல் தொழிலாளர் செருப்பும் ஏற்றக் கருவிகளும் தர வேண்டும். இடையர் விழாக்களுக்கு ஆடு தர வேண்டும். கள்ளிறக்குவோர் கள் தர வேண்டும். வணிகர்கூட, வந்து தங்கும் அதிகாரிக்கு மளிகை தர வேண்டும். தலித் குடும்பங்கள் நாள்தோறும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். செய்தி கொண்டுபோவது, சுமை தூக்குவது, வயலில் வேலை செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. தொர வீட்டுப் பெண் மணமாகிப் போகும்போது ஏழை வீட்டுப் பெண்களைச் சீரோடு சீராக அனுப்பும் வழக்கமும் இருந்தது. அப்பெண்களுக்கு 'ஆடபாப' என்று பெயர்.

இங்கே கடன் இல்லை, ஒப்பந்தம் இல்லை, கால வரையறை இல்லை. ஒருவர் எந்தச் சாதியில், எந்த ஊரில் பிறந்தார் என்பது போதும். அரசு அலுவலரும் இதே வெட்டியைப் பெற்றார். தொரவின் உரிமை எது, அரசின் உரிமை எது என்று பிரிக்க இயலாதவாறு இரண்டும் பின்னிக் கிடந்தன.

பகேலா வேறு. திருமணத்துக்கோ, பஞ்சத்திலோ, நோயிலோ ஒருவர் கடன் வாங்குவார். அதைத் தீர்க்கும்வரை கடன் கொடுத்தவரின் பண்ணையாளாக உழைப்பார். உழைப்பு வட்டிக்கே சரியாகிப்போகும். அசல் அப்படியே நிற்கும். தந்தை இறந்தால் மகன் அந்த இடத்துக்கு வருவான். நாளும் ஒருபடி தானியம் அல்லது ஆண்டுக்கொரு துணி கிடைக்கும் என்பதால் இதைக் கூலி வேலையாகவே காட்ட முடிந்தது. 'ஜீதம்' என்ற சொல்லுக்குத் தெலுங்கில் சம்பளம் என்றே பொருள். 'ஜீதகாடு' என்றால் சம்பளத்துக்கு இருப்பவன். சம்பளத்தைக் குறிக்கும் சொல்லே பிணைப்பின் பெயராக மாறிய இடம் இது. வெட்டி, கூலி இல்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னது. ஜீதம், கூலி இருப்பதாகச் சொல்லிக்கொண்டது.

இவ்வேறுபாடு அரசின் நடவடிக்கைகளிலும் தெரிகிறது. 1936இல் நிஜாம் அரசு பகேலா ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்த ஒழுங்குமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. வெட்டிக்கு எதிராகவும் ஆணைகள் இருந்தன. அவை கிராமத்தை எட்டவில்லை. ஆணையை நிறைவேற்ற வேண்டியவர் பட்டேலும் காவலரும். வெட்டி வாங்கியவர்களும் அவர்களே. மொழி இன்னொரு சுவர். 1880களில் பாரசீகத்தின் இடத்தில் உருது ஆட்சிமொழியானது. நிலப்பதிவும் நீதிமன்றமும் அம்மொழியில் நடந்தன. தெலங்கானாவின் உழவருக்கோ தெலுங்கு மட்டுமே தெரியும். தம்மைக் காக்கும் ஆணையையும் தம் நிலத்தைப் பறிக்கும் பத்திரத்தையும் அவரால் ஒருசேரப் படிக்க இயலாது.

எனவே ஐதராபாத்தில் வெட்டி எதிர்ப்பின் தொடக்கத்தை ஒரு மொழிச் சிக்கலில் காண்பது தற்செயல் அல்ல. 1921 நவம்பரில் ஐதராபாத் நகரில் நடந்த சமூகச் சீர்திருத்த மாநாடு ஒன்றில், ஆலம்பள்ளி வெங்கடராமராவ் தெலுங்கில் பேச எழுந்தபோது அவையினர் கேலி செய்து அமர்த்தினர். அந்த அவமானத்திலிருந்து ஆந்திர ஜன சங்கம் பிறந்தது. மாடபாட்டி அனுமந்தராவ் அதன் முதன்மை உந்துவிசை. நூலகங்கள், தெலுங்குப் பள்ளிகள், வெட்டிக்கு எதிரான ஆணைகள் உள்ளன என்று மக்களிடம் எடுத்துரைத்தல் ஆகியவை அதன் தொடக்கப் பணிகள். 1930இல் ஜோகிப்பேட்டையில் சுரவரம் பிரதாபரெட்டி தலைமையில் முதல் ஆந்திர மகாசபை கூடியது. கோரிக்கை மனுக்களின் காலம் அது. 1944இல் புவனகிரியில் ராவி நாராயணரெட்டி தலைமையில் கூடிய மாநாட்டில் அமைப்பு பிளந்து, இடதுசாரிகளின் கைக்கு வந்தது. உறுப்பினர் கட்டணம் குறைந்தது; ஏழை உழவரும் சேர்ந்தார்கள். உறுப்பினர் சீட்டை வைத்து ஊரார் அதைச் 'சிட்டி சங்கம்' என்றே அழைத்தார்கள். எழுத்தால் நிலத்தை இழந்தவர்களின் கையில் முதன்முறையாக அவர்களுக்காக ஒரு தாள் இருந்தது.

போர்க்காலத் தானியக் கொள்முதல் சிறு உழவரைப் பிழிந்தது. பெருநிலக்கிழார் அதிலிருந்து தப்பித்துக்கொண்டனர். மோதல் முற்றியது. பாலகுர்த்தியில் குத்தகை நிலத்தை உழுத சாக்கலி ஐலம்மாவின் விளைச்சலை அறுத்துக்கொண்டு போக விசுனூர் தேஷ்முக் ஆள் அனுப்பினார். சங்கத்தினர் நின்று அறுவடையை ஐலம்மாவின் வீடு சேர்த்தார்கள். வெளுப்பதற்கென்று பிறந்ததாகக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு பெண் உழுபவராகவும் வழக்காடுபவராகவும் நின்றதே வெட்டி ஒழுங்கின் அடித்தளத்தை மறுத்தது. 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் ஊர்வலம் தேஷ்முக்கின் மாளிகையை நெருங்கியபோது உள்ளிருந்து சுட்டார்கள். தொட்டி கொமரய்யா இறந்தார். அதற்குப் பின் போராட்டம் ஆயுதம் ஏந்தியது. உச்சத்தில் ஏறத்தாழ 3,000 கிராமங்களில் சங்கத்தின் ஆட்சி நடந்ததாகவும், 10 இலட்சம் ஏக்கர் பங்கிடப்பட்டதாகவும், ஏறத்தாழ 4,000 பேர் உயிரிழந்ததாகவும் சுந்தரய்யா எழுதுகிறார். இயக்கத் தலைவர் ஒருவரின் கணக்கு என்ற கவனத்தோடு இவ்வெண்களைப் படிக்க வேண்டும். ஆனால் வெட்டி நின்றது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை.

அது எப்படி நின்றது என்பது முக்கியம். யாரும் வெட்டிக்கு விலை பேசி மீளவில்லை. துணி வெளுக்கப் போகவில்லை, ஆள் அனுப்பவில்லை, தொரவைக் கண்டால் சொல்லப்பட்ட 'பாஞ்சன் தொர, கால்மொக்தா' என்ற தொடர் வாயைவிட்டுப் போயிற்று. 'உம் அடிமை, ஐயா, காலைத் தொடுகிறேன்' என்பது அதன் பொருள். வழக்கத்தால் மட்டும் நின்ற முறை, வழக்கத்தை மறுத்தவுடன் சரிந்தது. ஒருவர் மறுத்தால் அடி விழும். ஊரே மறுத்தால் அடிக்க ஆள் போதாது. இங்கிலாந்தின் உழவர் இரண்டு நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாகப் பெற்றதைத் தெலங்கானாவின் உழவர் ஏறத்தாழ ஐந்தாண்டில் பெற்றனர்.

1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை நுழைந்தது; 5 நாட்களுக்குள் சமஸ்தானம் சரணடைந்தது. அதை அடுத்த வாரங்களில் சமஸ்தானத்தின் முஸ்லிம் மக்கள் பெரும் வன்முறைக்கு உள்ளானார்கள் என்பதும் இந்த வரலாற்றின் பகுதியே. கிராமத்தைவிட்டு ஓடியிருந்த தொரக்கள் பலர் படையின் பின்னே திரும்பினர். பங்கிடப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி மீண்டும் அவர்களிடம் போயிற்று. ஆனால் வெட்டியை மீட்க அவர்களால் இயலவில்லை. நிலம் பட்டா ஏட்டில் இருந்தது, ஆகவே திரும்பியது. வெட்டி மனிதரின் பணிவில் இருந்தது, அது திரும்பவில்லை.

இதன் பிறகே சட்டங்கள் வருகின்றன. 1949 ஆகஸ்ட் 15 அன்று ஜாகீர் ஒழிப்பு. 1950இல் ஐதராபாத் குத்தகை மற்றும் விவசாய நிலச் சட்டம். அதே 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆம் கூறு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. அதன் ஆங்கில வாசகத்திலேயே 'பேகார்' என்ற இந்தியச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கிறது. 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் வினோபா பாவேயிடம் வெதிரெ ராமச்சந்திரரெட்டி 100 ஏக்கர் அளிக்க, பூதானம் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆயுதப் போராட்டம் கைவிடப்பட்டது.

1950ஆம் ஆண்டுச் சட்டம் பல இலட்சம் குத்தகையாளரைப் 'பாதுகாக்கப்பட்டவர்' என்று பதிவு செய்தது. சில ஆண்டுகள் கழித்து ஏ. எம். குஸ்ரோ நடத்திய ஆய்வு 1958இல் வெளிவந்தது. பாதுகாக்கப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அந்நிலையில் எஞ்சியிருந்தனர். எட்டிலொருவர் அளவில் நிலத்தை விலைக்கு வாங்கியிருந்தனர். ஐந்திலொருவருக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டிருந்தனர். மேலும் பலர் 'தாமே விரும்பி' விட்டுக்கொடுத்ததாக ஏடு சொன்னது. வெட்டியிலிருந்து விடுபட்டவர் நிலமற்றவராக நின்றார். நிலமற்றவருக்குத் திருமணச் செலவு வந்தால் கடன் வேண்டும். கடன் தருபவர் பழைய தொர, அல்லது அவர் இடத்துக்கு உயர்ந்த புதிய பெருவிவசாயி. ஜீதம் பிழைத்துக்கொண்டது. 1975இல் அவசரச் சட்டமும் 1976இல் நாடாளுமன்றச் சட்டமும் தேவைப்பட்டதே அதற்குச் சான்று.

தமிழகத்தின் காவிரிப் படுகையிலும் இதே தருக்கம் வேறு வடிவில் இயங்கியது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் அடிமைமீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதை நிறுத்தியது. பறையரும் பள்ளரும் பண்ணையாட்களாகவே தொடர்ந்தனர். உரிமையின் இடத்தைக் கடன் நிரப்பியது. தர்மா குமாரின் 1965ஆம் ஆண்டு ஆய்வு சென்னை மாகாணத்தில் இப்பண்ணையடிமை நிலையின் பரப்பை விரிவாகக் காட்டிற்று. 1940களில் உழவர் இயக்கம் எழுந்த பின்னரே, 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிலக்கிழார் பலர் அதற்குத் தந்த விடை, பண்ணையாட்களை நீக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைப்பதாக இருந்தது. பிணைப்பு அறுந்தது, பிணைப்போடு வந்த சோறும் அறுந்தது.

ஐரோப்பிய விவாதத்துக்கு ஐதராபாத் தரும் பாடம் இங்கே தெளிவாகிறது. 'பண்ணையடிமை முறையின் தேய்வு' என்ற ஒற்றைத் தொடர் இரண்டு நிகழ்வுகளை மூடிவிடுகிறது. பிறப்போடு கட்டிய பிணைப்பை ஊரின் ஒற்றுமை உடைக்கும். அதற்குப் பின்வரும் சட்டம் அந்த உடைப்பைப் பதிவு செய்யும். கடனோடு கட்டிய பிணைப்பை மறுப்பு மட்டும் உடைப்பதில்லை. நிலமோ, வேறு வேலையோ, கடனுக்கு வேறு வழியோ வேண்டும். ரஷ்யாவின் 1861ஆம் ஆண்டு விடுதலையும் இதையே சொல்கிறது. பண்ணையடிமைகள் விடுவிக்கப்பட்டார்கள், ஆனால் தாம் உழுத நிலத்துக்கு மீட்புத்தொகை கட்டினார்கள். 1907 தொடக்கத்தில்தான் அது முற்றாக நீங்கியது. பிரபுவிடமிருந்து விடுபட்டவர் தவணையிடம் போய்ச் சேர்ந்தார்.

கடன்வழிப் பிணைப்பு கிராமத்தை விட்டு நடக்கவும் கற்றது. 'பாலமூர்த் தொழிலாளர்' என்று பெயர்பெற்ற மகபூப்நகர் மாவட்டத்தார், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு நாட்டின் பல அணைகளையும் கால்வாய்களையும் கட்டினர். இன்று ஐதராபாத்தைச் சுற்றிய செங்கல் சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து வருவோர் முன்பணத்தின்மேல் வேலை செய்கின்றனர். 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கப்படும் உழைப்பும் 23ஆம் கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. வறுமையின் அழுத்தமும் ஒரு கட்டாயமே என்பது அதன் அடிப்படை. அத்தீர்ப்பு ஜீதத்தின் இயல்பைச் சரியாகப் பிடித்தது.

சொற்களும் இந்த வரலாற்றைச் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் 'வில்லெயின்' என்ற பண்ணை உழவனின் பெயர் கதைகளின் 'வில்லன்' ஆயிற்று. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறித்த 'ரொபோதா' 1920இல் காரெல் சாப்பெக்கின் நாடகம் வழியாக 'ரோபோ' ஆயிற்று. 'விஷ்டி' என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்தப்படும் 'வெட்டி', சோழர் கல்வெட்டுகளில் குடிமை, எச்சோறு, முட்டையாள் ஆகியவற்றோடு வரிப்பெயராக மீண்டும் மீண்டும் வருகிறது. இன்றைய தமிழில் அது 'வெட்டிப் பேச்சு', 'வெட்டி வேலை' என்ற தொடர்களில் வாழ்கிறது. செய்தவருக்குப் பயன் தராத உழைப்பின் பெயரும், பயனற்ற செயலின் பெயரும் ஒன்றாக ஒலிக்கின்றன. கடீக்கு அவ்வுழைப்பு ஒருநாளும் பயனற்றதாக இருந்ததில்லை. குளமும் கடீயும் ஆமணக்கு மூட்டையும் அதில் எழுந்தவையே.

தெலங்கானாவில் வெட்டி முடிந்த காலத்தை 1946க்கும் 1951க்கும் இடையே குறித்துவிடலாம். பகேலாவுக்கு அப்படியொரு ஆண்டைக் குறிக்க இடமில்லை. முன்பணம் வாங்கி ஊரைவிட்டுப் புறப்படும் குடும்பம் ஒன்று இருக்கும்வரை, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பெயர் வரிசை வரலாற்று ஆவணமாக மட்டும் ஆகிவிடாது.